கழற்றி மாட்டும் சுவர்

வீட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள் என்று சொன்னபோது முனியப்பன் நம்பவில்லை. வாழைத்தாரை ஏற்றலாம், காப்பி மூட்டையை ஏற்றலாம், வீட்டை எப்படி ஏற்றுவது? ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் சுமை தூக்கிப் பிழைக்கிறவனுக்கு எதை ஏற்றலாம், எது ஏறாது என்று தெரியும். ஆனால் தொண்ணூறாம் வருஷம் தை மாசத்தில் லாரிகள் நிஜமாகவே சேலத்திலிருந்து வளைவு வளைவாக மலையேறி வந்தன. அவற்றின் முதுகில் சுவர்கள் நின்றுகொண்டிருந்தன. கதவு வைத்த சுவர், ஜன்னல் வைத்த சுவர், ஒன்றும் வைக்காத சுவர்.

கடைகளுக்குப் பின்னால் சரிவில் எட்டுக் குடும்பங்கள் சாக்கையும் தகரத்தையும் கட்டிக்கொண்டு கிடந்தன. ஒருத்தன் இருமினால் அடுத்த குடிசையில் தொட்டில் பிள்ளை விழித்துக்கொள்ளும். அவ்வளவு நெருக்கம். அந்த இடத்தில்தான் வீட்டு வசதிக்கென்று இருந்த ஏதோ ஒரு வாரியம் தன் புது வித்தையைக் காட்ட வந்தது. அருள்சாமி என்று ஓர் எஞ்சினியர். கண்ணாடி போட்ட, சின்ன வயசு ஆள். கெட்டவன் என்று சொல்ல முடியாது. கெட்டவனாக இருந்திருந்தால் ஜனங்கள் உஷாராக இருந்திருப்பார்கள்.

"மெட்ராஸ்ல, பம்பாய்ல கால் வைக்க இடமில்லாம ஜனங்க இருக்காங்க. அவங்களுக்காக யோசிச்ச வீடு இது" என்றார் அருள்சாமி. "மண்ணு வெட்ட வேண்டாம், மரம் வெட்ட வேண்டாம். சுவரெல்லாம் அனல் மின் நிலையத்துல வீணாப் போற சாம்பல்ல செஞ்சது. பெட்டி மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிக்கலாம். இந்த மலைக் காத்துல, இந்த மழையில நின்னுட்டா எந்த ஊர்லயும் நிக்கும்."

"சாம்பல்ல ஊடுங்களா?" என்றான் முனியப்பன். "செத்தப்புறம் போற இடத்துக்கு இப்பவே அனுப்பறீங்களாட்ட இருக்குது."

கூட்டம் சிரித்தது. அருள்சாமியும் சிரித்தார். சிரித்துவிட்டு, அப்போதுதான் நிறுத்தியிருந்த ஒரு கீழ் வீட்டுக்கு முனியப்பனைக் கூட்டிக்கொண்டு போனார். பின்பக்கச் சுவர் முழுசும் ஒரே பலகை. மூலைக்கு ஒன்றாக நாலு போல்ட்டு. ஒரு ஸ்பானரை முனியப்பன் கையிலேயே கொடுத்தார்.

"நீங்களே கழட்டுங்க பெரியவரே."

முனியப்பன் திருகினான். இரண்டு ஆள் பிடித்தார்கள். சுவர் கையோடு வந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் ஏரியும் அதற்கு மேல் பனிமூட்டமும் தெரிந்தன. திரும்ப வைத்து முறுக்கினான். வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம்கூட ஆகவில்லை.

"பார்த்தீங்களா? நாளைக்கு இடம் மாறணும்னா கழட்டி எடுத்துக்கிட்டுப் போய்ட்டே இருக்கலாம்."

யார் என்ன சொன்னாலும் அதற்குள் ஒரு முள் இருக்கும் என்று தேடுகிறவன் முனியப்பன். சொந்த ஊரான மஞ்சக்குட்டையில் பங்காளிகள் அவனுடைய காட்டைப் பிடுங்கிக்கொண்டு அடித்து விரட்டிய நாளிலிருந்து அப்படி. அன்றைக்குத் தன் கையாலேயே சுவரைக் கழற்றி மாட்டிய பிறகு அவனுக்குத் தேட முள் கிடைக்கவில்லை. அந்த வீட்டின் மேல் அப்போது ஆகாயம்தான் இருந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அடுத்த மாசத்தில் கீழே நாலு, மேலே நாலு என்று எட்டு வீடும் அடுக்கி நின்றன. கீழ் வீடு ஒன்று முனியப்பனுக்கு. அதற்கு நேர் மேலே நூர் முகமது. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் ஜீப் ரிப்பேர் பார்க்கிறவர். அவரும் சம்சாரம் ரபியாவும் இருபது வருஷமாகப் பக்கத்துச் சாக்குக் குடிசையில் இருந்தவர்கள். பிள்ளை இல்லை. முனியப்பன் மகள் பூவாயியைத் தூக்கி வளர்த்ததில் பாதி ரபியாவின் இடுப்புதான்.

"பாய், நீங்க நடக்கற சத்தம் எங்க தலையில கேக்குதுங்க" என்பான் முனியப்பன்.

"நீங்க போடற சண்டை எங்க காலுக்கடியில கேக்குது கவுண்டரே. யாருக்கு நஷ்டம்?" என்பார் நூர் முகமது.

முனியப்பன் பெண்டாட்டி வெள்ளையம்மாள் புது வீட்டுக்கு வந்த அன்று கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். "சாத்துனா சாத்துன மாதிரி நிக்குது பாருங்க" என்றாள். அவளுக்கு அது போதும். முனியப்பனுக்கு வீடு வேறு ஒன்றுக்காக வேண்டியிருந்தது. பூவாயிக்கு இருபத்திரண்டு ஆகிவிட்டது. நாகலூர் எஸ்டேட்டில் பழம் பறிக்கப் போகிறவள். பெண் கேட்டு வருகிறவர்கள் எல்லாம் சாக்குப் படுதாவைப் பார்த்ததும், ஜோசியம் பார்த்துவிட்டு வருகிறோம் என்று போய்விடுவார்கள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு, நாகலூரில் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிற பொன்னுவேலின் வீட்டார் வந்தார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். காப்பி குடித்தார்கள். ஆவணியில் கல்யாணம், பெண் வீட்டு வாசலில் பந்தல் என்று பேசி முடிந்தது.

ஆடி மாசம் வெள்ளையம்மாளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கஷாயம் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஒரு காலையில் வெயில் வந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

மஞ்சக்குட்டையிலிருந்து ஊர் மூப்பன் அங்கப்பனும் சொந்தபந்தமும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அங்கப்பன் சவத்துக்கு மாலை போடுவதற்கு முன்னாலேயே உயிர் போன நேரத்தைக் கேட்டார். பஞ்சாங்கம் தெரிந்த ஆளிடம் விசாரித்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"சதயம்டா முனியா. அடைப்பு."

ஆகாத நட்சத்திரத்தில் உயிர் போனால் அடைப்பு என்பார்கள். சவம் வாசல் வழியாகப் போனால் வீட்டை ஆறு மாசம் பூட்டிப் போட வேண்டும். பூட்டாமல் குடியிருந்தால், போன உயிர் வந்த வழி பிடித்துத் திரும்பி வந்து இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு போகும். அதுவும் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் இருக்கிற வீடு. இதற்கு ஒரு மாற்றும் உண்டு. பின்சுவரை இடித்து அதன் வழியாகச் சவத்தை எடுத்து, குழிக்குப் புறப்படும் முன்னாலேயே சுவரை அடைத்துவிட வேண்டும். மண் சுவருக்கு அது ஒரு வேலையே இல்லை. நாலு கூடை மண் குழைத்து அப்பினால் தீர்ந்தது.

முனியப்பன் மகளைப் பார்த்தான். பூவாயி அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து வெறித்துக்கொண்டிருந்தாள். வீட்டைப் பூட்டிப் போட்டால் வாரியம் அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். கொடுக்கும்போதே அப்படிச் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். பூட்டாமல் இருந்தால், அடைப்பு வீட்டில் பெண் எடுக்க நாகலூர்க்காரர்கள் வர மாட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் ஆவணியில் பந்தல் இல்லை.

"கடப்பாரையை எடுங்கப்பா" என்றார் அங்கப்பன். "ஒரு ஆள் போற அளவுக்குப் பின்சுவத்தை உடைச்சாப் போதும்."

"உடைக்க வேண்டாமுங்க" என்றான் முனியப்பன். "இது உடைச்சா ஒட்டாதுங்க. சாம்பல் பலகை. எஞ்சினியர் வந்து கேட்டா என்ன சொல்றது? கழட்டியே மாட்டிக்கலாமுங்க. நானே செஞ்சிருக்கறேன்."

"கழட்டறதா? சுவத்தையா?"

"ஆமாங்க. திருகி எடுத்துட்டுத் திரும்ப வெச்சுரலாம். உடைச்ச பழி நமக்கு வேண்டாம்."

ஸ்பானருக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை. நூர் முகமது காலையிலிருந்து அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்து தன் வீட்டைப் பார்த்தார்.

"கவுண்டரே, மேல எங்க ஊடு இருக்குதுங்களே."

"அட, மூணு பக்கம் சுவரு நிக்குதுங்க பாய். அரை நாழி. கழட்டலாம்னு எஞ்சினியரே சொல்லிக் குடுத்ததுதானுங்க?"

நூர் முகமது தாடியைத் தடவினார். ஜீப்புக்கு அடியில் படுத்து வேலை செய்கிற ஆள். எதைக் கழற்றினால் எது இறங்கும் என்று அவருக்குக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் சாவு வீட்டில் நின்றுகொண்டு, இருபது வருஷம் கூட இருந்தவளின் காரியத்துக்கு எப்படி மாட்டேன் என்பது? எங்கள் வழக்கம் இல்லை, உங்கள் பாடு என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ரபியா, நீ கொஞ்சம் கீழ வா" என்று மட்டும் மேலே பார்த்துக் கூப்பிட்டார். அவள் இறங்கி வந்து பூவாயியைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள்.

போல்ட்டு இந்த முறை சுலபமாகத் திருகவில்லை. இறுகிப்போயிருந்தது. மழையில் துருப் பிடித்துவிட்டது என்று நினைத்து எண்ணெய் விட்டார்கள். நூர் முகமதுவே முழு பலத்தோடு இழுத்துத் திருகினார். கடைசிப் போல்ட்டு வந்தபோது மேலே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. நாலு ஆள் பலகையைச் சாய்த்து எடுத்துப் புல்லில் வைத்தார்கள். வெள்ளையம்மாளை அந்த வழியாக, தலை முன்னால் வராமல் கால் முன்னால் வருகிற மாதிரி எடுத்து வெளியே பாயில் கிடத்தினார்கள். பாடை பக்கத்தில் தயாராக இருந்தது.

நல்லபடியாக முடிந்தது என்று ஜனம் மூச்சு விட்டது. சாவு வீட்டில் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. வந்தவர்களெல்லாம் குளிரில் வெறும் வயிற்றோடு நிற்கிறார்கள். "ஒரு தண்ணி டீயாச்சும் வெச்சு இறக்கறேன்" என்று ரபியா மேலே போனாள். பின்பக்கம் நின்ற நூர் முகமது அதைக் கவனிக்கவில்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முனியப்பனும் சொல்லவில்லை.

பலகையைத் தூக்கி இடத்தில் வைத்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. பலகை உள்ளே போகவில்லை. காலையில் இருந்த இடம் இப்போது இல்லை. மேல் தளம் ஒரு விரல்கட்டை அளவு கீழே இறங்கியிருந்தது.

நூர் முகமது குனிந்து பார்த்தார்.

"யாரும் கை வெக்காதீங்க. கவுண்டரே, கேக்குதுங்களா? கடையில ஜாக்கி இருக்குது. எடுத்தாந்து அடியில குடுத்துத் தூக்கிட்டு வெக்கலாம். நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க." சொல்லிக்கொண்டே சரிவில் ஓடினார்.

கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். மழைத் தூற்றல் ஆரம்பித்தது. பாயில் கிடந்த வெள்ளையம்மாள் முகத்தில் தண்ணீர் விழுந்தது. ஒருத்தி ஓடிப்போய்ச் சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.

"என்னடா இது, பொணத்தை வெளிய போட்டுட்டு ஓட்டையைத் தெறந்து வெச்சுக்கிட்டு?" என்றார் அங்கப்பன். "அடைக்காம வெச்சிருந்தா எடுத்ததுக்கு என்னடா அர்த்தம்? இதுக்கு வாசல் வழியாவே எடுத்திருக்கலாமே."

"ஜாக்கி வருதுங்க."

"ஜாக்கி வர்றதுக்குள்ள அவ உள்ள போயிருவா."

கூட்டத்தில் யாரோ, "கழட்டத் தெரிஞ்சவருக்கு மாட்டத் தெரியலையாட்ட இருக்குது" என்றான். சாவு வீட்டில்கூட ஜனத்துக்கு நாக்கு சும்மா இருக்காது.

முனியப்பன் கடப்பாரையை எடுத்தான். பக்கவாட்டுச் சுவரின் தலையில் அதன் முனையைக் கொடுத்து, மேல் தளத்தை ஒரு நெம்பு நெம்பினான். மூட்டை நெம்பித் தூக்கிய கை அது. தளம் தூக்கிக் கொடுத்தது. "தள்ளுங்கடா உள்ள!" என்று கத்தினான். பலகை பாதி உள்ளே போனது. அவன் இன்னொரு நெம்பு கொடுத்தான். அந்த நெம்பில் பக்கவாட்டுச் சுவரின் போல்ட்டு தெறித்து, ஒருத்தன் காதோரம் பறந்து போய் விழுந்தது. சுவர் வெளியே நகர்ந்தது. தளத்துக்கு உட்கார இடம் இல்லாமல் போனது.

சத்தம் பெரிதாக இல்லை. காப்பி மூட்டை சரிகிற மாதிரிதான் கேட்டது. பலகை பிடித்திருந்தவர்கள் பின்னால் குதித்துத் தப்பினார்கள். மேல் வீட்டின் பின்பாதி அப்படியே சாய்ந்து இறங்கியது. அடுப்பு, அலுமினியப் பாத்திரம், டம்ளர்கள், கொதிக்கிற தண்ணீர், அதோடு ரபியா. புகையும் சாம்பலும் அடங்கிய பிறகு பார்த்தால் அவளுடைய வலது கால் முட்டிக்குக் கீழே தளத்துக்கு அடியில் இருந்தது. அவள் கத்தவில்லை. "டீ கொட்டிப்போச்சு, டீ கொட்டிப்போச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நூர் முகமது ஜாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். அந்த ஜாக்கியைக் கொடுத்துத்தான் தளத்தைத் தூக்கி அவளை இழுத்தார்கள். கட்டில் இல்லை, கயிறு இல்லை. அவளை எதில் வைத்துத் தூக்குவது என்று ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். நூர் முகமது பாடையைப் பார்த்தார்.

"அதைக் குடுங்க."

"அது பொணத்துக்குக் கட்டுனது பாய், அதுல உசுரோட இருக்கறவங்களை…" என்று அங்கப்பன் இழுத்தார்.

"குடுங்கய்யா!"

வெள்ளையம்மாளுக்குக் கட்டிய பாடையில் ரபியாவை வைத்து, ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பூவாயி கூடவே ஓடினாள். அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பொழுது சாயும்போது ஐந்தாறு பேர் சேர்ந்து, கம்பளியைத் தூளி மாதிரி மூங்கிலில் கட்டி வெள்ளையம்மாளைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். மகள் இல்லாமலேயே குழி மூடியது. அடைப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அடைக்க எந்த வாசலும் பாக்கி இல்லை.

அருள்சாமி மறுநாள் வந்தார். இடிந்ததைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"யாருய்யா முழுப் பலகையையும் கழட்டச் சொன்னது?"

"நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க" என்றான் முனியப்பன்.

"அன்னைக்கு மேல ஒண்ணுமே இல்லையேய்யா! மேல ஒரு வீட்டை ஏத்தின பிறகு கீழ் சுவரு அதைத் தாங்கிட்டு நிக்குது. இதுகூடவா சொல்லணும்?" அவர் பலகையின் நடுவில் கையால் வட்டம் போட்டுக் காட்டினார். "ஓட்டை போட்டிருந்தாக்கூட நின்னிருக்கும். சுத்தி உள்ள கம்பி இருக்குது. நடுவுல உடைச்சு எடுத்திருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காதுய்யா."

முனியப்பன் அவரையே பார்த்தான். அவர் வட்டம் போட்ட இடம் அங்கப்பன் கடப்பாரை போடச் சொன்ன அதே இடம். பழையபடி உடைத்திருந்தால் தப்பியிருக்கும். வீட்டைப் பொத்திப் பாதுகாக்க வேண்டும் என்று நினைத்ததுதான் வீட்டைச் சாய்த்தது. ஆயுசில் ஒரே ஒரு தடவை, படித்தவன் சொன்னதை முழுசாக நம்பினான் முனியப்பன். அந்த ஆள் பாதிதான் சொல்லியிருந்தார். மீதி தானே தெரியும் என்று விட்டுவிட்டார்.

வாரியம் யாரிடமும் கேட்கவில்லை. இவர்களை நம்பி இந்த வீட்டைக் கொடுக்க முடியாது என்று முடிவாகிவிட்டது. லாரிகள் வந்தன. மேலிருந்து கீழே, சரியான முறைப்படி, ஒவ்வொரு சுவராகக் கழற்றினார்கள். மற்ற ஆறு குடும்பங்களும் சட்டி பானையோடு ரோட்டில் நின்று பார்த்தன.

"உன்ற பொண்டாட்டி ஒருத்தி போறதுக்கு எங்க எல்லாரையும் தெருவுல விட்டுட்டயே" என்று அதில் ஒருத்தியான வேலம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். முனியப்பன் துடைத்துக்கொள்ளவில்லை. வெறும் தரை மட்டும் மிஞ்சியது. அதன் மேல் ஆளுக்கொரு மூலையில் மறுபடி சாக்கு கட்டினார்கள். அவனுக்கு ஒருத்தரும் மூலை விடவில்லை. கடை வாசல்களில் படுத்துக்கொண்டான்.

சேலம் ஆஸ்பத்திரியில் ரபியாவின் காலை எடுத்துவிட்டார்கள். பூவாயி அங்கேயே இருந்தாள். நாகலூர்க்காரர்கள் ஒரு ஆளிடம், வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தச் செய்தியை முனியப்பன் மகளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் நூர் முகமதும் பூவாயியும் ஏற்காட்டுக்கு வந்தார்கள், கடையில் இருந்த சாமான்களை எடுத்துக்கொண்டு போக. சேலத்தில் அவருடைய தம்பி சையத் இப்ராஹிம் தன் வீட்டில் ஒரு அறை கொடுத்திருந்தார். முனியப்பன் ஒன்றும் கேட்காமல் சாமான்களைத் தலையில் வைத்து பஸ் மேலே ஏற்றினான். டூல் பெட்டி, ஜாக்கி, பழைய டயர்கள், பூவாயியின் துணி மூட்டை. கீழே இறங்கி வந்து துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"நீ எதுக்குக் கண்ணு மூட்டை கட்டிட்ட? ரெண்டு நாள்ல வந்துருவயில்ல?"

"இல்லீங்கப்பா. அத்தையால ஒண்ணுக்கு ரெண்டுக்குக்கூடத் தனியாப் போக முடியறதில்ல. மாமா ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருவாரு. நான்தான் கூட இருக்கோணும்."

"எத்தனை நாளைக்குச் சாமி?"

அவள் பஸ் படியில் ஏறினாள்.

முனியப்பன் நூர் முகமதுவிடம் போனான். "பாய், நானும் வந்தர்றேனுங்க. அங்கயும் மூட்டை இருக்கும். ஒரு ஓரமாப் படுத்துக்கறேன். ரபியாம்மாவுக்கு எதாச்சும் தண்ணி கிண்ணி எடுத்துக் குடுத்துட்டு…"

நூர் முகமது அவன் கையைப் பிடித்தார். திட்டுவார் என்று முனியப்பன் எதிர்பார்த்தான். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்லீங்க கவுண்டரே. நானும்தான் ஸ்பானரைக் கையில எடுத்தேன். ஆனா நீங்க வர வேண்டாமுங்க. 'தள்ளுங்கடா உள்ள'ன்னு நீங்க கத்துனது அவ காதை விட்டுப் போகலை. உங்க பேரைச் சொன்னாலே அந்த இல்லாத காலைப் பிடிச்சுக்கிட்டு நடுங்கறா."

கண்டக்டர் விசில் ஊதினான். நூர் முகமது ஏறிக்கொண்டார். பூவாயி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தூற்றல் பலத்து மழையாக இறங்கியது. முனியப்பன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்குக் கீழேயே நின்றான்.

பஸ் அசைந்தபோது பூவாயி வழக்கமாகச் சொல்கிற மாதிரியே சொன்னாள். "மழையில நிக்காதீங்கப்பா. ஊட்டுக்குப் போங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் வளைவில் திரும்பிவிட்டது.